முதல் நாளே ஒரு ஃபோன்

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. துவைத்த துணி மடிக்காமல் கிடக்கும், வீட்டுக்காரர் பனியனோடு நிற்பார். அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

குழந்தைகள் நல அலுவலகத்தில் என் வேலை வீடு பார்ப்பது. வாங்குவதற்கு இல்லை. எந்தப் பிள்ளைக்காவது அடி, பட்டினி என்று தகவல் வந்தால் நேரில் போய்ப் பார்த்து, பிள்ளை அங்கே இருக்கலாமா கூடாதா என்று எழுத வேண்டும். திடீரென்று போக வேண்டும் என்பது விதி. விதி எழுதியவர் யார் வீட்டுக்கும் விருந்தாளியாகப் போனதில்லை போலும். நான் முதல் நாளே ஃபோன் செய்துவிடுவேன். நான் பார்த்த வீடுகளெல்லாம் பளிச்சென்று இருந்தன. மற்ற அலுவலர்கள் பார்த்த வீடுகளில் அழுக்கும் அழுகையுமாக இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

லாண்டரிக்காரர் வீடும் பளிச்தான். மாடியில் இரண்டு அறை. அவர், மனைவி, ஆறு வயது மகள். மகளை 'வாண்டு' என்று கூப்பிடுவார்கள். பிள்ளையைப் பூட்டிவைக்கிறார்கள் என்று கீழ் வீட்டுத் தையல்கார அம்மா புகார் கொடுத்திருந்தார். புகார் கொடுத்தவரை வெளியே சொல்லக் கூடாது. நானும் சொல்லவில்லை. "கீழ தையல் மெஷின் ஓடுறது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?" என்று பொதுவாக விசாரித்தேன்.

"ஓஹோ, அந்தம்மாவா?" என்றார் லாண்டரிக்காரர். கெட்டிக்கார மனிதர்.

குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவரை ஓரமாக அழைத்து, "தாழ்ப்பாள் வெளியில இருக்கே சார், பார்க்கறவங்க தப்பா நினைக்க மாட்டாங்களா?" என்றேன்.

"அட ஆமா சார், இவ்வளவு நாளா எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

அடுத்த தடவை தாழ்ப்பாள் இல்லை. ஓட்டைகளை அடைத்துப் பெயின்ட்கூட அடித்திருந்தார். சொன்னதைக் கேட்கும் பெற்றோர் லேசில் கிடைப்பதில்லை. பரணுக்குப் புதிதாக ஒரு மரக்கதவு வந்திருந்தது. தூசி விழாமல் இருக்க என்றார். அதையும் பாராட்டினேன்.

அன்று வாண்டுவின் கையில், முழங்கைக்குக் கீழே, முக்கோணமாக ஒரு தழும்பு தெரிந்தது. லாண்டரிக்காரர் வீட்டுப் பிள்ளை, துறுதுறு என்று இருக்கும், எதன்மீதாவது போய் விழும். "வெயில் ஜாஸ்தியா இருக்கும்மா, முழுக்கைச் சட்டையாப் போட்டு விடுங்க" என்று அதன் அம்மாவிடம் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை. அடக்கமானவர். அதற்கப்புறம் முழுக்கைச் சட்டைதான், அருமையாக இஸ்திரி போட்டது.

பிள்ளை கொஞ்சம் ஒல்லி. கன்னம் ஒட்டியிருந்தது. "நான் வர்ற நேரத்துக்குத் தட்டோட உட்கார வைங்க சார், பார்க்க நல்லா இருக்கும்" என்றேன். அப்படியே உட்கார வைத்திருந்தார்கள். நான் கூப்பிட்டதுகூடக் காதில் விழாத அளவுக்குச் சாப்பிட்டாள். தட்டை விரலால் வழித்துத் துடைத்தாள். இத்தனை ஆசையாகச் சாப்பிடும் பிள்ளையைப் பட்டினி போடுகிறார்கள் என்று நான் எப்படி எழுதுவேன், நீங்களே சொல்லுங்கள்.

அன்று என்னை வழியனுப்ப மாடிப்படிவரை வந்தாள். என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நாளைக்கு வர்றேன்னு அப்பாவுக்கு ஃபோன் பண்றீங்களா?"

"நாளைக்கு வேற வீடு இருக்கே கண்ணு."

"வர வேணாம் மாமா. ஃபோன் மட்டும் பண்ணுங்க. தினமும் பண்ணுங்க."

இத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளையும் என்மீது இப்படி ஒட்டிக்கொண்டதில்லை. மனசு நிறைந்துவிட்டது. இதைப் பெற்றவர் காதில் போடாமல் போவது முறையா? திரும்பப் படியேறினேன். "உங்க வாண்டுக்கு என் ஃபோன் வராம இருக்க முடியலையாம் சார், தினமும் பண்ணச் சொல்றா!" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. வாண்டு பை வாரை விட்டுவிட்டாள். கதவு வரை அவரே வந்து சாத்திக்கொண்டார்.

மிச்சம் உங்களுக்கே தெரியும். மாடியில் சத்தம் கேட்டபோதெல்லாம் புகார் கொடுத்த தையல்கார அம்மா, சத்தம் நின்றதும் பயந்துவிட்டார். தன் இஸ்திரி மேஜைக்காலால் பூட்டிக் கிடந்த வாசல் கதவை உடைத்து, பரணிலிருந்து பிள்ளையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லாமல், அடுத்தவர் வீட்டுக்குள். பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். சந்தோஷம். பார்க்க வரலாமா என்று நானும் முதலில் ஃபோன் செய்துதான் கேட்டேன். "நீங்க இந்தப் பக்கமே வர வேணாம்" என்று நர்ஸ் பட்டென்று வைத்துவிட்டார். ஃபோனில் பேசும் பழக்கம் இல்லாதவர்.

ஒப்புக்கொள்கிறேன். தாழ்ப்பாளைக் கழற்ற வைத்தது, சட்டைக் கையை நீட்டச் சொன்னது, தட்டோடு உட்கார வைத்தது, புகார் சொன்னது யாரென்று புரியவைத்தது, பிள்ளை என்னிடம் கேட்டதை அவரிடம் ஒப்பித்தது எல்லாம் நான்தான். அந்த வீட்டில் பிள்ளை நலம் என்று எழுதியதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு மனத்தாங்கல். இன்று விடியற்காலையில் நீங்கள் படையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். துணியெல்லாம் மடிக்காமல் கிடந்தது. பக்கத்து வீட்டார் பார்க்க, நான் பனியனோடு நின்றேன். உங்களை மாதிரிப் படித்தவர்கள் முதல் நாளே ஒரு ஃபோன் செய்திருக்கலாம்.