உள்பக்கம் திறந்த கதவு

— நீங்க இழைச்சுக்கிட்டே பேசுங்க ஆசாரியண்ணே. கை நின்னா ஒங்களுக்கு வாயும் சேந்து நின்னுரும்.

— நிக்கட்டும் அழகம்மா. ஒங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு? எந்திரிச்சு நடமாடுறாரா?

— கெணத்தடியிலயே உக்காந்திருக்காரு. சோத்த வச்சாலும் பாக்குறாரு, எடுத்தாலும் பாக்குறாரு. நாளைக்கு விசாரணைக்கு ஒங்களக் கூப்பிட்டிருக்காகளாமே?

— பத்து மணிக்கு. திருச்சியிலருந்து ஆபீசர் வாராராம். சமஸ்தானம் இருந்தப்ப எதுன்னாலும் உள்ளூர்லயே முடியும். இப்ப எதுக்கெடுத்தாலும் திருச்சி.

— சமஸ்தானம் போயி அஞ்சு வருசமாச்சு. பேச்ச அங்கிட்டு இழுக்காதீங்க. இது எதுக்குப் பலகை?

— ஊர்ல இருக்குற மத்த விடுதிக் கதவையெல்லாம் வெளிப்பக்கம் தொறக்குற மாதிரி மாத்தணுமாம். உத்தரவு வந்திருக்கு. படிக்கட்டுக்குப் படிக்கட்டு மணல் வாளியும் வைக்கிறாகளாம்.

— இப்ப வைக்கிறாக.

— ஆமா. இப்பத்தான்.

— எம்மகனோட சேத்து ஒம்பது புள்ளைக போனப்பொறம். விளக்கு வைக்கிற நேரம். விடுதி மாடி ஹால்ல அரிக்கன் வெளக்கு கவுந்து கயித்துக் கட்டில்ல பத்திக்கிருச்சு. சன்னல் பூராம் கம்பி. இருந்தது ஒரே கதவு. நீங்க செஞ்ச கதவு. அது பூட்டியிருந்துச்சா அண்ணே?

— இல்ல.

— தாப்பாளாச்சும் போட்டிருந்துச்சா?

— அதுவும் இல்ல. மறுநா நானே போயிப் பாத்தேன்.

— அப்ப ஏன் தொறக்கல?

— ஒனக்குத் தெரியாததா.

— ஒங்க வாயால சொல்லுங்க.

— அது உள்பக்கம் தொறக்குற கதவு தங்கச்சி. உள்ள நிக்கிறவன் இழுத்துத்தான் தொறக்கணும். பின்னாடி வந்த புள்ளைக பயத்துல நெருக்குனதுல, முன்னாடி நின்னவனுக்கு இழுக்க எடமில்லாமப் போச்சு. ஒரு மொழம் எடம் இருந்திருந்தாப் போதும், கேட்டியா. ஒரே ஒரு மொழம்.

— முன்னாடி நின்னவன் எம்மகன் சேவுகன்தான். பொகையிலதான் போனானாம், மேல ஒரு காயமில்ல. கையில மட்டும் கதவு வளையம் அப்படியே பதிஞ்சிருந்துச்சு. நாந்தான் குளிப்பாட்டுனேன்.

— அத விட்டுரு ஆத்தா. கேக்க முடியல.

— நீங்க கேக்க வேணாம். பதில் சொல்லுங்க. ஓவர்சியர் ரெங்கசாமி வீட்டுக்கு வந்து பிளானை விரிச்சுக் காமிச்சாரு. கதவு எந்தப் பக்கம் தொறக்கும்னு காட்ட ஒரு வளைவு போட்டிருக்கு. அது வெளிப்பக்கமா இருக்கு. புள்ளைக கூட்டமாத் தங்குற எடம்னா, தீப்புடிச்சாத் தள்ளிக்கிட்டு ஓடியாரதுக்கு வெளிப்பக்கந்தான் தொறக்கணுமாமே?

— அந்த வளைவ நானும் பாத்தேன். பிளான் தெரியாமயா இத்தன வருசம் தொழில் செய்றேன்?

— பாத்துட்டுமா உள்பக்கம் வச்சீங்க?

— இந்தா பாரு, நான் கதவு நிலைய வெளிப்பக்கம் தொறக்குற மாதிரிதான் செஞ்சேன். தூக்கி நிறுத்துறப்பத்தான் திருப்பி வச்சோம். நாலு பேரு புடிச்சாக. ஒரு வெத்தல போடுற நேரங்கூட ஆகல.

— ஏன் திருப்புனீங்க?

— நிலைக்கு மஞ்சத்துணி கட்டி, நவதானியம் வச்சு, தேங்கா ஒடைச்சுக் கும்புட்டு நிக்கிறோம். அந்நேரத்துல ஒரு பேச்சு வந்துச்சு. வெளிய தள்ளுற கதவு நம்ம ஊர்ல எந்த வீட்டுக்கு இருக்கு, வாசல்ல வார லெச்சுமியத் தள்ளிவிட்ட மாதிரி ஆயிராதா, படிக்கிற புள்ளைக இருக்கப் போற எடமாச்சேன்னு. நல்லத நெனச்சுத்தான் சொன்னது அழகம்மா. எல்லாருக்கும் சரின்னுதான் பட்டுச்சு.

— பேச்சு தானா வராது. ஒரு வாயிலருந்துதான் வரும். யாரு வாயி?

— கூட்டத்துல யாரோ. நாலு வருசமாச்சு.

— நாலு பேரு புடிச்சது ஞாபகம் இருக்கு, மஞ்சத்துணி ஞாபகம் இருக்கு. சொன்ன ஆளு மட்டும் மறந்துபோச்சாக்கும். ஓவர்சியரா?

— அவரு அன்னைக்குக் கொடும்பாளூர்ல வேற வேலையில இருந்தாரு. அவரு வந்தப்பக் கதவு மாட்டி, பூச்சும் காஞ்சுபோச்சு. எதையும் பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு. இப்ப அவரு வேலையும் போகப்போவுது.

— காண்ட்ராக்டரு?

— அவருக்கு நிலையும் தெரியாது, கதவும் தெரியாது. சிமிட்டி மூட்டை வந்துச்சா, அது மட்டுந்தான் தெரியும்.

— நிலை புடிச்ச நாலு பேரு?

— நாலு பேரும் மலேயாவுக்குக் கப்பலேறிட்டாக. கேட்டாச் சொல்ல ஊர்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன்.

— நாளைக்கு ஆபீசர் கேப்பாரு. அங்கயும் கூட்டத்துல யாரோன்னுதான் சொல்வீங்களா?

— அங்க அது எடுபடாது. பேரு கேப்பாக.

— பேரு வந்த ஆள என்ன செய்வாக?

— ஜெயில்தான். மூணு வருசம் நிச்சயம்னு ஓவர்சியர் சொல்றாரு. ஒம்பது உசுரு இல்லையா?

— மூணு வருசம்.

— ராத்திரியெல்லாம் அதே நெனப்புத்தான் எனக்கு. சொன்னாலும் பாவம், சொல்லாட்டியும் பாவம். நீ வீட்டுக்குப் போ தங்கச்சி.

— பேரச் சொல்லாம இந்தப் பட்டறைய விட்டு நகர மாட்டேன். பெத்தவளுக்கு அதக் கேக்கக்கூட உரிமையில்லையா?

— ஒங்காலுல வேணாலும் விழுறேன். ஒங்கிட்ட என்னால சொல்ல முடியாது.

— எங்கிட்ட மட்டும் ஏன் முடியாது?

— அழகம்மா…

— சொல்லுங்கண்ணே.

— நாந்தான்.

— என்னது?

— நாந்தான் திருப்பச் சொன்னேன். வேற யாரும் வாயத் தொறக்கல. எனக்குத்தான் மனசு ஒப்பல. போதுமா? இந்தா உளி. என்னமும் செஞ்சுக்க.

— சத்தியமா?

— என் தொழில் மேல சத்தியமா.

— உளிய வச்சிருங்க அண்ணே. அந்தக் கட்டடத்துக்கு மேஸ்திரியா நின்ன எங்க வீட்டுக்காரருதான் திருப்பச் சொன்னாரு. முந்தாநாளு கெணத்தடியில அவரே எங்கிட்டச் சொல்லி அழுதாரு. எனக்குன்னு இனி அவரு ஒருத்தருதான் இருக்காரு. நாளைக்கு ஆபீசர் கேட்டா, இப்ப எங்கிட்டச் சொன்னதையே சொல்லுங்க.