கூடுவாஞ்சேரி தாண்டாத வண்டி

பேட்டரிய தொடாத தம்பி, பேட்டரி புதுசு. போன மாசம்தான் மாத்தினான். இந்த வண்டில புதுசுன்னு சொல்றதுக்கு அது ஒண்ணுதான் கீது, மிச்சமெல்லாம் என்ன மாதிரி. பெட்ரோலா? ஃபுல் டேங்கு. குரோம்பேட்டைலயே ரொப்பிட்டான். திண்டுக்கல்லு வரைக்கும் போற வண்டியாம்! போயிட்டோம் பாரு. விடியக்கொள்ள கெளம்பினோம், உச்சி வெயில்ல எங்க வந்து நிக்கிறோம்? கூடுவாஞ்சேரி! சைக்கிள்ல வந்திருந்தாக்கூட இன்னேரம் செங்கல்பட்டு ஏரில கால் கழுவியிருப்பேன்.

போர்டுல பென்னி ஆட்டோ ஒர்க்ஸ்னு போட்டுக்கீதே, பென்னி நீதானா? ...சரி சரி. நல்லா பாரு பென்னி. அவசரமே இல்ல. ஆம்னி வண்டில சீட்ட தூக்கணும், அதுக்குக் கீழதான் இஞ்சின். உனக்குத் தெரியாதா, உன் தொழிலு... நான் பாட்டுக்கு சொல்றேன். சீட்ட மட்டும் பாத்து தூக்குப்பா, அந்தக் கவரு அவனே தச்சது. சௌகத் அலி. இப்ப உன்கிட்ட குசுகுசுன்னு ரேட்டு பேசிட்டு பள்ளிவாசலுக்குப் போனானே, நரைச்ச தாடி, அவன்தான். வண்டி அவனுது. நான் சும்மா பக்கத்து சீட்டு. குமரவேலு. பெயிண்ட் கடை.

நாப்பது வருஷமா பக்கத்து பக்கத்துல கடை. அவன் காருக்கு சீட்டு கவர் தைப்பான், நான் பெயிண்ட் விப்பேன். நடுவுல ஒரு பலகைத் தடுப்பு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காமயே காலைலருந்து கடை சாத்தற வரைக்கும் பேசிகினு இருப்போம். பேசிகினு இருப்பேன். அவன் மிஷின மிதிச்சுகினே ‘ம்’ம்பான். அந்த ‘ம்’லயே கேக்கிறானா தூங்கறானான்னு எனக்குத் தெரிஞ்சுரும். இப்ப அவன் எடத்துல ஒருத்தன் வரானாம், மொபைலு கவரு விக்க. சீட்டுக்கு கவரு போட்ட எடத்துல இனிமே ஃபோனுக்கு கவரு. புது ஆளு எப்பப் பாத்தாலும் காதுல ஒயர மாட்டிகினே கீறான். தடுப்ப தட்டினா அவனுக்குக் கேக்குமா? ஒலகமே இடிஞ்சாலும் கேக்காது.

இன்னா பேசிகினு இருந்தேன்? ஆங், ரோடு. கடை வாசல்ல ஓடற இதே ரோடுதான். வெள்ளக்காரன் காலத்து ரோடாம், பேரு பெரிய பேரு, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. சுருக்கமா ஜி.எஸ்.டி. ரோடு. வரி ஜி.எஸ்.டி. இல்ல, அது வேற பேஜாரு. இது எங்க போய் முடியுதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. நான் திருச்சிம்பேன். அவன் தேனிம்பான். கடைக்கு வர்ற லாரிக்காரங்கள கேட்டா ஆளுக்கு ஒரு ஊரு சொல்லுவானுங்க. சரிடா, ஒரு நாளைக்கு வண்டிய எடுத்துகினு கடைசி வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்னு முடிவு பண்ணோம். எப்ப? எனக்குக் கல்யாணம் ஆறதுக்கு முன்னாடி! நான் தீபாவளி போகட்டும்பேன், அப்பதான எனக்கு வியாபாரம். அவன் பக்ரீத் போகட்டும்பான். அப்புறம் மழ வந்துரும். அப்புறம் பாலம் கட்றோம்னு ரோட்டயே தோண்டிப் போட்டானுங்க. நாங்க சேந்து போன பெரிய டூரு எதுன்னா, மேடவாக்கத்துல ஒரு கல்யாணம். அதுக்கே தண்ணி லாரிக்குப் பின்னாடி ஊந்துகினே போயி, போய்ச் சேர்றதுக்குள்ள பந்தி முடிஞ்சு, தாம்பூலப் பைய கைல குடுத்து அனுப்பிட்டாங்க.

இப்ப மட்டும் எப்டி கெளம்பினோம்னு கேளு. நீ கேக்கலன்னாலும் சொல்றேன். அவன் பொண்ணு மெஹ்ரீன திண்டுக்கல்லுல கட்டிக்குடுத்துகீது. நஃபீசா தங்கச்சி, இவன் சம்சாரம், பேத்தி பொறந்தப்போ பாத்துட்டு வரேன்னு போச்சு. கொழந்தைய தூக்கின கைய எடுக்க மனசு வரல, அங்கயே தங்கிடுச்சு. மருமவன் முதாசிரு தங்கமான புள்ள. ‘மாமா, மாடி காலியா கீது, ஏன் ஒண்டியா ஓட்டல்ல சாப்டுகினு கஷ்டப்படறீங்க, வந்துருங்க’ன்னுட்டான். தங்கமான புள்ளைங்களாலதான் தம்பி ஊரே கெட்டுப்போவுது. கொஞ்சம் மோசமான மருமவனா அமைஞ்சிருந்தா இவன் நிம்மதியா குரோம்பேட்டைலயே கெடந்திருப்பான். கடைய குடுத்துட்டான். வூட்ட காலி பண்ணிட்டான். அப்டி இன்னாதான் கீது திண்டுக்கல்லுல? பூட்டு கீது. பிரியாணி கீது. பிரியாணி குரோம்பேட்டைல இல்லயா? பூட்டு என் கடையிலயே விக்கிறேன்!

பின்னாடி பாரு. தையல் மிஷினு, மடக்குக் கட்டிலு, ரெண்டு டிரங்குப் பெட்டி. டிரங்கு ரோட்ல போறோம்னு டிரங்குப் பெட்டி எடுத்துகினான் போல. ‘குமாரு, எப்டியும் வண்டிய ஓட்டிகினு போவணும், நீயும் வா. சொல்லிகினே இருந்தோமே, அத்த முடிச்சுரலாம்’ன்றான். முடிச்சுரலாமாம்! டூருன்னு பேரு வச்சு சாமான் ஏத்தறதுக்கு ஆளு புடிச்சிருக்கான். அந்த மிஷின கடைலருந்து தூக்கி ஏத்தினது யாரு? நான்தான். இடுப்பு இப்பவும் சொல்லுது. அவன் திரும்பி வரமாட்டான் தம்பி. அதான் விஷயம். போறப்ப ரெண்டு பேரு. வரக்கொள்ள நான் மட்டும், பஸ்ல.

சரி, பொண்ணு வூட்டுக்குப் போறான், தப்பில்ல. அத்தகூட வுட்டுர்றேன். கெளம்பக்கொள்ள ஒரு வார்த்த சொன்னான் பாரு! தெருவே வந்து நிக்கிது. என் சம்சாரம் சந்திரிகா சக்கரத்துக்கு அடில எலுமிச்சம்பழம் வச்சா. பயபக்தியா ஏத்தினான், நாலும் ஒழுங்கா நசுங்கிச்சான்னு எறங்கி வேற பாத்தான். எல்லாம் நல்லாத்தான் போச்சு. கதவ சாத்திகினு, தலைய வெளிய நீட்டி, ‘போறேன்’ன்றான்.

போறேன்! யாராச்சும் சொல்லுவாங்களா, நீயே சொல்லு? தெருமுனைல கொத்தமல்லி வாங்கப் போறவன்கூட போயிட்டு வரேன்னுதான சொல்லுவான்? எதிர் வூட்டு கங்கையம்மாக்கா வாய்ல கைய வச்சுகினு, ‘அய்ய, இன்னா பாய் இது! போயிட்டு வரேன்னு சொல்லு பாய்’னு கெஞ்சுது. இவன், ‘நான்தான் திரும்பி வரப்போறது இல்லயேக்கா, பொய் சொல்லச் சொல்றியா?’ன்றான். அரிச்சந்திர மகாராசா! நாப்பது வருஷமா ‘நாளைக்கு ரெடி, நாளைக்கு ரெடி’ன்னு எத்தினி பேர அலையவுட்ட மனுஷன்! சத்தியம் பண்ணுவான், ரெக்ஸினே வாங்கியிருக்க மாட்டான். நான்தான் தடுப்புக்கு இந்தாண்டருந்து, ‘ஆமா சார், தச்சுகினே கீறாரு’ன்னு சாட்சி சொல்லுவேன். அப்பல்லாம் வராத உண்மை, இன்னிக்கு என் மூஞ்சிக்கு நேரா வருது. இப்ப பள்ளிவாசலுக்குப் போறப்ப இன்னா சொல்லிட்டுப் போனான், கேட்டியா? ‘தொழுதுட்டு வரேன்.’ இதுக்கு மட்டும் வரேன்!

அதோட நான் பேச்ச நிறுத்திட்டேன். சானட்டோரியம் வரைக்கும் ஒரு வார்த்த பேசல. ...ஆமா, அடுத்த ஸ்டேஷன்தான், இருந்தா இன்னா? சிக்னல் கீதுல்ல. தாம்பரத்துல டிபன் சாப்பிடணும்னேன். நிறுத்தினான். பொங்கல் ஆறிப்போச்சுன்னு சண்ட போட்டு மாத்தி வாங்கினேன், காபி ரெண்டு வாட்டி சொன்னேன், பேப்பர்ல வரன் வெளம்பரம் வரைக்கும் படிச்சேன். ஒண்ணும் சொல்லல. பெருங்களத்தூர்ல கொய்யாப்பழம் வேணும்னேன். கூடையில இருந்த அத்தினி பழத்தயும் அமுக்கிப் பாத்தேன், அந்தம்மா திட்டிச்சு, இவன் காச எடுத்துக் குடுத்தான். வண்டலூர்ல புலி பாக்கணும்னேன். நாப்பது வருஷமா பாக்காத புலிய! அதுக்கும் வண்டிய திருப்பினான். போனா, கேட்டு சாத்திக்கீது. செவ்வாக்கெழம லீவாம். புலிக்கு வாராவாரம் லீவு உண்டு, பெயிண்ட் கடைக்காரனுக்குத்தான் கெடையாது. செவ்வாயோ வெறுவாயோன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

அப்புறம் கிளாம்பாக்கத்துல நிறுத்துடான்னேன். புது பஸ் ஸ்டாண்ட சுத்திப் பாக்கணும்னு சொன்னேன். நெசத்துல... திண்டுக்கல்லு பஸ்ஸு எங்க வந்து எறக்கி வுடுதுன்னு பாத்து வச்சுக்கலாம்னுதான். நான் வந்து எறங்கணும்ல. எம்மாம் பெருசு தம்பி அது! நடக்கறேன் நடக்கறேன், முடியவே மாட்டேங்குது. கூட்டம் எக்கச்சக்கமா கீது, ஆனா கூட ஒரு ஆளு இல்லாம நடந்தா கோயில் மண்டபம் மாதிரி ‘ஓ’ன்னு கீது. திரும்பி வந்தா, இவன் வண்டில சாஞ்சுகினு, கொய்யாப்பழத்த கீத்து போட்டு மொளகாப்பொடி தூவி வச்சுகினு ஒக்காந்துகீறான். ஏன்டா இம்மா நேரம்னு ஒரு வார்த்த? கெடையாது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அவன் ஒரு வார்த்த கத்தினான்னா நானும் ரெண்டு வார்த்த கத்திட்டு, அங்கயே பஸ் ஏறி வூட்டப் பாக்கப் போயிருப்பேன். அதுக்குக்கூட ஒரு வழி குடுக்கல பாவி.

அப்புறம் இங்க. டீ குடிக்கலாம்னு நிறுத்தினோம். குடிச்சுட்டு வந்து சாவியத் திருப்பினா, கிர்ரு கிர்ருன்னு சுத்துது, புடிக்கல. அது வரைக்கும் குதிர மாதிரி ஓடின வண்டி! நேரம்தான். எதுருலயே உன் போர்டு.

எம்மா நேரம் ஆவும்? ...பாக்கணுமா? பாரு, பாரு. மூணு மணிக்கு ராவுகாலம். அதுக்குள்ள முடியலன்னா நாலரைக்கு மேலதான் வண்டிய எடுக்கணும். நாலரைக்கு மேல எடுத்தா வழியில இருட்டிரும், அவனுக்கு ராத்திரில கண்ணு சரியா தெரியாது. அப்போ நாளைக்கு. நாளைக்கு ஒரு பொழுத எப்டியாச்சும் ஓட்டிட்டோம்னு வையி, நாளான்னிக்கு வியாழக்கெழம. தெக்கால சூலம். நாங்க போறதோ தெக்கால... சிரிக்காத தம்பி.

ஏன் அங்க குனியற? அது டேஷ்போர்டு, அங்க ஒண்ணும் இல்ல. இஞ்சின் இங்க கீது, சீட்டுக்கு அடில. ...ஃபியூஸ் பெட்டியா? அதெல்லாம் நல்லாத்தான் கீது, நானே இப்பதான்... நான் இன்னாத்த கண்டேன், பெயிண்ட் கடைக்காரன். ...ஒரு எடம் காலியா கீதா? உழுந்திருக்கும். தானா கழண்டு உழாதா? ...எதுக்கு என் சட்டையப் பாக்கற? பாக்கெட்டா? மாத்திரை. பிரஷரு மாத்திரை. ...செவப்புதான். செவப்புல மாத்திரை வர்றது இல்லயா?

சரி. ஆமா. நான்தான் புடுங்கினேன். இன்னா இப்போ? அவன் டீ சொல்லப் போனப்ப குனிஞ்சு புடுங்கினேன். போன மழைல இதே ஃபியூஸு போயி நின்னப்ப அவன்தான் மாத்தினான், நான் டார்ச்சு புடிச்சேன். இது போச்சுன்னா வண்டியே ஓடாது குமாருன்னு அவன் காட்டின அதே எடம். போறேன்னு சொன்னான்ல? எப்டிப் போறான்னு பாக்கறேன்! ...இல்ல தம்பி, கோவம் இல்ல. கோவம் தாம்பரத்துலயே தீந்துபோச்சு. அந்த பஸ் ஸ்டாண்டுல நடந்து வந்ததுலருந்து ஒரு மாதிரி... நீ ஒண்ணு பண்ணு. பார்ட்டு கெடைக்கல, மவுண்ட் ரோட்லருந்து வரணும்னு சொல்லிரு. இன்னிக்கு ஒரு நாளுதான். அப்புறம் நானே...

ஏன் தலைய ஆட்டற? சொன்னா இன்னா கொறஞ்சா போயிருவ? ...இன்னாது? பாய் சொல்லிட்டாரா? எப்ப? ...குசுகுசுன்னு பேசினது அதானா! ரேட்டு இல்லயா? இன்னா சொன்னான், அப்டியே சொல்லு. ...‘அவரு பாக்கெட்லதான் கீது, கேக்காத. சீட்டத் தூக்கி சும்மா பாத்துகினு இரு. நான் மெதுவா வரேன்.’ ...அப்டியேவா சொன்னான்? அடப்பாவி! அதான் நீ ஒரு ஸ்பேனரக்கூட தொடாம டார்ச்சு மட்டும் அடிச்சுகினு இருந்தியா? நான் வெயில்ல நின்னுகினு, மெக்கானிக்குக்கு இஞ்சின் எங்க கீதுன்னு பாடம் எடுத்துகினு கீறேன்!

அப்போ தாம்பரம்? கொய்யாப்பழம்? வண்டலூரு செவ்வாக்கெழம லீவுன்னு குரோம்பேட்டைல கொழந்தைக்குக்கூட தெரியும் தம்பி. எனக்கே தெரியும். நான் தெரியாத மாதிரி கேட்டேன். அவன் தெரியாத மாதிரி திருப்பியிருக்கான்...

அதோ வரான். பள்ளிவாசல் அந்தாண்ட கீது, இவன் டீக்கடைப் பக்கத்துலருந்து வரான் பாரு. எம்மா நேரமா அங்க ஒக்காந்து என்ன வேடிக்க பாத்துகினு இருந்தானோ.

இந்தா, புடி. போடு சீக்கிரம். வயரு லூசா இருந்துச்சுன்னு சொல்லு. அவனுக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சே, அத்த மட்டும் சொல்லிராத, உனக்குப் புண்ணியமாப் போவும். தெரிஞ்சுதுன்னா அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுகினு நிறுத்துடான்னு சொல்லுவேன்? அவன்தான் எந்த மூஞ்சிய வச்சுகினு நிறுத்துவான்?

டேய் சௌகத்து! வாடா வா. ஒண்ணும் இல்லயாம், வயரு லூசாம். ஒரு வயர ஒழுங்கா வச்சுக்கத் தெர்ல, ஊரு வுட்டு ஊரு போறாரு தொரை. ஏறு, ஏறு, வரேன்.

பென்னி, கிட்ட வா. காதக் குடு. மேல்மருவத்தூர்ல, இல்லன்னா திண்டிவனத்துல... இதே மாதிரி மெதுவா வேல பாக்கற மெக்கானிக்கு யாராச்சும் உனக்குத் தெரிஞ்சவங்க கீறாங்களா?