அம்மன் பாறையின் மதிப்பெண்ணைத் தம் கையாலேயே அழித்த ஜானவி அம்மாவுக்கு

“மேடம், ஆடும் சாமி கும்புடவா வருது?”

வாட்சர் வீரபாண்டியின் ஆறு வயது மகள் சிவசங்கரி, போன வருடம் அம்மன் பாறையில் நின்று கேட்ட கேள்வி இது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரிக்காமல் நின்றவர் தாங்கள் ஒருவரே!

கல்பாத்தியில் பிறந்து, காற்றும் கடுங்குளிரும் கைகோத்த இடுக்கி மலையில் இருபத்தொன்பது ஆண்டுகள் கால்தேய நடந்த கள ஆய்வாளரே! வரையாடுகளின் வழித்துணையே! இன்று பணிநிறைவு காணும் எங்கள் ஜானவி அம்மையாரே! வணங்குகிறோம்.

புல், நீர், செங்குத்துப் பாறை, ஆள் நடமாட்டம் என்று பார்த்துச் சரணாலயத்தின் ஒவ்வொரு சரிவுக்கும் மதிப்பெண் இடுவது நம் வேலை. ஆடு அதிகம் நின்றால் அது நல்ல இடம் என்று நம்பினோம். அதனால் ஐந்து ஆண்டுகளாக அம்மன் பாறைக்கே முதலிடம். பிள்ளை கேட்ட பிறகுதான் தாங்கள் குனிந்து பார்த்தீர்கள். தேயிலை எஸ்டேட் மக்கள் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு போட்ட உப்பும் மிளகும் அங்கே கிடந்தன. ஆடுகள் வந்தது அந்த உப்புக்கு! பாறையின் பின்புறம் இறங்கினோம். ஓடையில் மூன்று குட்டிகள், நாய்கள் கிழித்துப் போட்டபடி கிடந்தன. சுற்றுலா வந்தவர்கள் எறிந்த சோற்றுக்கு நாய்கள். பக்தர்கள் இட்ட உப்புக்கு ஆடுகள். நாம் முழு மதிப்பெண் கொடுத்த இடம் கொலைக்களமாக இருந்தது! அந்த அதிர்ச்சி இன்னும் எங்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை. கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவர்கூட இல்லாமல் இவ்வளவு கேடு நடக்குமா, இறைவா!

ஐந்து அறிக்கைகளும் பிழை, பிழை என்னுடையது என்று மேலிடத்துக்கு எழுத உட்கார்ந்தீர்கள். “ரிட்டயராகப் போற நேரத்துல எதுக்கு மேடம் வம்பு?” என்று நம் பிரிவு ஜோமோன் தடுத்தார். “ரிட்டயர் ஆறது நான்தானேப்பா, ஆடு இல்லையே” என்றீர்கள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதிலிலும் ‘பிழை என்னுடையது’ என்ற அதே ஒரு வரியையே எழுதினீர்கள்.

பாறையில் இனி உப்புப் போட வேண்டாம் என்று சொல்லத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போன தங்களை, கொழுந்து பறிக்கும் பூமாரி அக்கா லயத்து வாசலில் மறித்துக்கொண்டார். “அஞ்சு வருசமா பாத்துக்கிட்டுத்தான இருந்தீக? இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுச்சாக்கும்!”

“ஆமாம் பூமாரி, இப்போதான் தெரிஞ்சுது. அம்மனுக்குக் குறை வெக்க வேண்டாம். கீழே இருக்கிற கோவில்லயே போடுங்கோ, நானும் கூட வரேன்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை உப்புக் கூடையைத் தலையில் வைத்துக் கீழ்க்கோயிலுக்கு முதலில் நடந்தவர் அந்தப் பூமாரி அக்காவே. பணிந்து சொன்ன ஒரு சொல், பாறையையும் நகர்த்தும் என்று அன்று கண்டோம்.

நோயும் நொடியும் அண்டாமல், நூறாண்டு நிறைவோடு வாழ்க அம்மா! தங்கள் முழங்கால் வலியை மலையம்மனே வாங்கிக்கொள்ளட்டும்!

இன்னும் ஒன்று. இந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மன் பாறையில் ஓர் ஆடும் இல்லை. எண்ணிக்கை குறைந்ததற்குக் கைதட்டிய குழு நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்! அவற்றைத் தேடி மேல்சரிவு ஏறினோம். புல்வெளியைத் தின்றுகொண்டிருந்த ‘வாட்டில்’ என்னும் அந்நிய மரக் கன்றுகள் வேரோடு பிடுங்கப்பட்டு, சரிவு நெடுக வெயிலில் காய்ந்து கிடந்தன. இடையில் புதுப்புல் துளிர்த்திருந்தது. அதில் ஆடுகள், குட்டிகளோடு. பிடுங்கியவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அன்று தேநீர்க் குவளையைப் பிடித்திருந்த தங்கள் உள்ளங்கைகளில் காய்ப்புகளைக் கண்டோம். அப்போதும் கேட்கவில்லை, இங்கும் கேட்கப்போவதில்லை.

அன்பில் குறையாத,
கள ஆய்வுப் பிரிவு ஊழியர்களும் வாட்சர்களும்