முட்டு பிரித்தவன்

— வழுக்கி விழுந்தாருன்னு நான் ஏண்ணா சொல்லணும்?

— மெதுவா பேசு தங்கச்சி, ஆஸ்பத்திரி இது. விபத்தைப் பத்தி அதிகாரி கீழ விசாரிச்சிட்டு இருக்காரு, இப்ப மேல வந்துடுவாரு. நான் சொல்றதைக் கேளு. பால்கனிக்குத் தண்ணி ஊத்தப் போனாரு, கால் வழுக்கிடுச்சு. அவ்வளவுதான்.

— வழுக்கினா ஆளு மட்டும்தானே விழணும்? என் புருஷன் இடுப்பு மேல கிடந்த கான்கிரீட்டை நாலு பேரு சேர்ந்து புரட்டினாங்களே, அதுவும் வழுக்கிச்சா? சோத்துல முழுப் பூசணிக்காயை மறைக்கிறியே.

— விதி. நம்ம கையில என்ன இருக்கு?

— விதியை இழுக்காதே. கல்யாணமான நாள்லேருந்து நானும் கலவை சுமக்குறவதான். கான்கிரீட் இறுகுற வரைக்கும் பால்கனிக்கு அடியில இருபத்தோரு நாள் முட்டுக்கட்டை நிக்கணும்னு எனக்கே தெரியும். இது போட்டு பன்னெண்டு நாள். அடியில ஒரு கட்டைகூட இல்ல. யாரு பிரிக்கச் சொன்னது? இஞ்சினியரா?

— அவருக்குத் தெரியாது.

— அப்ப மேஸ்திரி நீதான்.

— இந்தா பாரு...

— எப்ப பிரிச்சே?

— மாப்பிள்ளை மூணு நாள் லீவு போட்டாரே. மொத நாளு.

— பாவி. அந்த மூணு நாளும் எங்க வீட்லதானே கிடந்தே. அவரோட ஒரே சொம்புல தண்ணி குடிச்சியே. ‘அந்தப் பக்கம் ஏறாதீங்க மாப்பிள்ளை’ன்னு சொல்ல வாய் வரலையா?

— மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன். உன் வீட்டுக் கூரை வேலைதான் தலை முழுக்க இருந்துச்சு.

— என் வீட்டை ஏன் இதுல இழுக்குற?

— மழைக்கு முன்னாடி தளம் போட்டுக் குடுண்ணா, போட்டுக் குடுண்ணான்னு உசிரை வாங்கினியே. முட்டுக்கு நான் எங்க போவேன்? குடோன்லேருந்து வந்ததுன்னு மாப்பிள்ளைகிட்ட பொய் சொன்னேன். இப்ப உன் கூரையைத் தாங்கி நிக்குதே, அத்தனை கட்டையும் அந்தப் பால்கனிக்கு அடியில இருந்து எடுத்ததுதான்.

— என்னது?

— உனக்காகத்தான்டி செஞ்சேன். இப்ப வாயைத் திறந்தே, வந்து கட்டையெல்லாம் உருவிட்டுப் போயிடுவாங்க. நேத்துப் போட்ட தளம். அப்படியே உக்காந்துடும்.

— வழியை விடு. அதிகாரி படியேறி வர்றாரு.

— சொன்னது புரியலையா? உன் வீடே விழுந்துடும்டி.

— விழட்டும். அதுக்கு அடியிலயாச்சும் ஆள் இல்ல.