அஞ்சலாட்சி அக்கா தூங்கவில்லை

திரைக்குப் பின்னிருந்தே திசை காட்டிய தீபமே! தடுமாறிய நாவுக்கெல்லாம் தக்க தருணத்தில் துணை நின்ற தமிழே! முதலியார்பேட்டை தந்த முத்தே! அலைவாய் நாடக மன்றத்தின் அத்தனை அரசர்களுக்கும் அரசிகளுக்கும் வாக்கை வாரி வழங்கிய வள்ளலே! அஞ்சலாட்சி அம்மையாரே, வணக்கம்!

மடல் என்று வந்தால் அம்மையார் என்றுதான் எழுத வேண்டுமாம். ஒரு பத்தி அளவுக்கு அந்த மரியாதையைப் பொறுத்துக்கொண்டீர்கள். இனி வழக்கம்போல அக்காதான்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் அக்கா! அறுபத்தொரு நாடகங்கள்! மேடையின் இடப்புறத் திரைமறைவில், ஒரு கால் ஆடும் அந்த முக்காலியில், மடியில் நாடகப் பிரதியும் கையில் சிவப்புப் பென்சிலுமாக அமர்ந்து, வசனம் மறந்து விழிப்பவருக்கு முதல் இரண்டு சொற்களை எடுத்துக்கொடுத்தீர்கள். நடிகர் காதில் விழ வேண்டும், பார்ப்பவர் காதில் விழக்கூடாது. அப்படி ஒரு குரல் உங்களுக்கு வாய்த்தது. கைதட்டல் எங்களுக்கு, கொசுக்கடி உங்களுக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டு காலத்தை ஓட்டினோம்.

இப்படியே உங்கள் நற்பண்புகளை அடுக்கிக்கொண்டு போய், கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்திருக்கலாம். அப்படி ஒரு மடல் எழுதப்பட்டதும் உண்டு. எழுதியவர் எங்கள் கதாநாயகர் எழிலரசன். 'உடல்நலம் கருதி ஓய்வு பெறும்' என்று அதில் ஒரு வரி வந்தது. அது பச்சைப் பொய் என்பதால் அவரே அதைக் கிழித்துப் போட்டார். இந்த மடலும் அவர் எழுதியதுதான். இப்போது உங்கள் முன் நின்று வாசிப்பவரும் அவரேதான். 'நான்' என்று எழுதினால் எங்காவது மழுப்பிவிடுவேன் என்று பயந்து, தம்மை வேற்றாளாக நிறுத்தி எழுதியிருக்கிறார். மன்றத்தார் நாங்கள் அதில் ஒரு சொல்லையும் அடிக்கவில்லை.

சென்ற மாசியில் 'கோட்டைச் சாவி'யின் கடைசிக் காட்சி நாள். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாக்களின் குடும்பங்கள் முதல் வரிசையை நிறைத்திருந்தன. முந்தின நாள் அவர்களில் யாரோ, ஓரத்தில் ஏதோ முணுமுணுப்புக் கேட்கிறதே என்று சொல்லிவிட்டார்கள். எழிலரசனுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. நாடகம் தொடங்கும் மூன்றாம் மணி அடிக்கும் முன் நேராக உங்கள் முக்காலிக்கு வந்தார்.

"அக்கா, இன்னைக்கு என்னா ஆனாலும் வாயத் தொறக்காதீங்க. முன்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்குது. எனக்கு எல்லாம் தலைகீழாத் தெரியும்."

"சரிப்பா" என்றீர்கள்.

மூன்றாம் காட்சியில் தளபதி எழிலரசன், "இந்தக் கோட்டையின் சாவி..." என்று கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது. அடுத்த சொல் வரவில்லை. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். கொடுத்த வாக்கை மீற மனமில்லாத நீங்கள், பிரதியைத் தூக்கி அவர் பக்கம் திருப்பிக் காட்டினீர்கள். பாவம், அவருடைய மூக்குக்கண்ணாடி ஒப்பனை அறையில் இருந்தது. "சாவியத் தொலைச்சிட்டாரு போல" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அரங்கமே சிரித்தது. திரையை இறக்கினோம்.

"என்னடா ஆச்சு?" என்று ஓடி வந்தார் எங்கள் இயக்குநர் கார்குழலி.

"அக்கா தூங்கிட்டாங்க" என்றார் எழிலரசன். அதைச் சொல்ல மட்டும் அவருக்கு நாக்கு தடுமாறவே இல்லை.

மூன்றடி தள்ளி நின்ற உங்கள் காதில் அது விழுந்தது. ஒரு சொல்லில் அவரை அங்கேயே கவிழ்த்திருக்கலாம். "வசனம் போவல. அவ்ளோதான்" என்று சொல்லிப் பிரதியை மூடிவிட்டீர்கள். அவர் மானத்தைக் காப்பாற்ற நீங்கள் சொன்ன அந்தப் பதிலை, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நாங்கள் எடுத்துக்கொண்டோம். உங்கள் வயதைப் பேசினோம், கண்பார்வையைப் பேசினோம், களைப்பைப் பேசினோம். என்ன நடந்தது என்று உங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை அக்கா, ஒரே ஒருவர் கூட!

அடுத்த கூட்டத்தில் அறுபது வயதானவருக்கு ஓய்வு என்று விதி எழுதினோம். அதுவரை மன்றத்தில் அப்படி ஒரு விதியே கிடையாது. அரசர் வேடம் கட்டும் தெய்வசிகாமணி ஐயாவுக்கு எழுபத்திரண்டு என்பது நினைவுக்கு வந்ததும், நடிகர்களுக்கு இது பொருந்தாது என்று அடியில் ஒரு வரி சேர்த்தோம். அந்தத் தாளை எண்ணினால் இன்றும் எங்களுக்கு உடம்பு கூசுகிறது.

வீராம்பட்டினத் தேர் முடிந்து ஆவணி பிறந்ததும் நம் புதிய நாடகப் பருவம் தொடங்குகிறது. நான்கு நாடகங்கள். ஊரெங்கும் ஒட்டிய சுவரொட்டியில் எழிலரசன் முகம் பெரிதாக இருக்கிறது. வசனத் துணை என்று எப்போதும் கடைசி வரியில் வரும் உங்கள் பெயர் இல்லை. உங்கள் முக்காலியில் மன்றத்து இளைஞர் இனியவன் உட்கார, முதல் நாடகமான 'கூண்டில் ஒரு வாத்து' ஒத்திகை தொடங்கியது. நீங்கள் ஒரு நாள் வந்து அலமாரிச் சாவியையும் நான்கு புதிய பிரதிகளையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனீர்கள்.

முதல் பிரதியை எழிலரசன் சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போகும் கம்பெனிப் பேருந்தில்தான் பிரித்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் புள்ளிகள். தாம் தடுமாறக்கூடிய இடமெல்லாம் தமக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருப்பதைப் பார்த்தார். 'இங்க மூச்சு வாங்கு.' 'இந்த எடத்துல அவசரப்படுவ.' முதல் பக்கத்தின் ஓரத்தில், 'கண்ணாடிய ஜோபுல வச்சிக்க.' வெளியே அனுப்பப்பட்ட பிறகும் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள்! அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உடம்பு சரியில்லையா என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.

ஆனால் நான்காம் காட்சியில் ஒரு புள்ளி கூட இல்லை. பழியை அடுத்தவர்மேல் போட்ட ஒரு குமாஸ்தா, நீதிமன்றக் கூண்டில் நின்று உண்மையைச் சொல்லும் காட்சி அது. நாடகத்திலேயே நீளமான வசனம் அதுதான். விட்டுப் போயிருக்கும் என்று நினைத்து உங்களுக்கு போன் போட்டார்.

"விட்டுலாம் போவல எழிலு. அத நான் எடுத்துக் குடுக்க முடியாது. ஒனக்கே தெரியும். அடுப்புல பால் இருக்கு, வைக்கிறேன்."

மறுநாள் ஒத்திகையில் அந்தக் காட்சி வந்தது. கூண்டில் ஏறிய எழிலரசன் நின்றார். இனியவன் வசனத்தை எடுத்துக்கொடுத்தார். எழிலரசன் அதை எடுத்துக்கொள்ளவில்லை. "அவங்க தூங்கல. நான்தான் வாயத் தொறக்காதீங்கன்னு சொன்னேன். பழிய அவங்க மேல போட்டுட்டேன்" என்றார்.

இனியவன் பரபரவென்று பக்கங்களைப் புரட்டினார். "அண்ணே, அப்படி ஒரு வரியே இதுல இல்லியே!"

கார்குழலிக்குப் புரிந்துவிட்டது. மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பொய் சொன்னது அவன் ஒருத்தன். நம்புனது நாம அத்தினி பேரும். ஒரு வார்த்த கேக்கலியேடா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எல்லோரும் உங்கள் வீட்டுக்கு வந்தோம். விதியைக் கிழித்துவிட்டோம், உங்களுக்கு ஏற்பாடு செய்த இந்தப் பிரிவுபசார விழாவையும் நிறுத்திவிடுகிறோம் என்றோம். "விழாவ நிறுத்தாதீங்க. எல்லாருக்கும் பத்திரிகை வச்சாச்சில்ல? அவங்க எதிர்லயே சொல்லுங்க" என்றீர்கள். திரும்பி வருவீர்களா என்று கேட்டோம். "அன்னைக்கிச் சொல்றேன்" என்றீர்கள்.

ஆகவே கூடியிருக்கும் பெருமக்களே, எழிலரசன் சிரிப்புக்கு இடமாகி நின்ற இதே அரங்கில், அவர் குரலாலேயே கேளுங்கள். அஞ்சலாட்சி அக்கா தூங்கவில்லை. அன்றும் தூங்கவில்லை, இந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு நாளும் தூங்கவில்லை. அவரை வாய் மூடச் சொன்னவர் எழிலரசன். மூடிய வாயின்மேல் பழி போட்டவரும் அவரே. அதைத் தீர விசாரிக்காமல் நம்பியவர்கள் நாங்கள். மன்னியுங்கள் என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறோம்.

அன்பின் உருவே! நோயும் நொடியும் உங்கள் தெருவுக்கு வழி தெரியாமல் திரும்பிப் போகட்டும்! பல்லாண்டு நீங்கள் நலமோடும் நகைமுகத்தோடும் நிறைந்திருங்கள்! புதிய பருவத்தின் தொடக்க நாளுக்கு இரண்டு இருக்கைகளை வைத்திருக்கிறோம். ஒன்று உங்கள் முக்காலி. ஆடிய காலைச் சரிசெய்தாயிற்று. மற்றது முதல் வரிசையின் நடு நாற்காலி. அறுபத்தொரு நாடகங்களையும் பக்கவாட்டிலிருந்தே பார்த்துவிட்டீர்கள், ஒன்றையாவது எதிரே அமர்ந்து பார்க்கலாம். இரண்டும் வேண்டாம் என்று நீங்கள் எழுந்து போனாலும், ஏன் என்று கேட்கும் யோக்கியதை எங்களுக்கு இல்லை.

இத்துடன் எழிலரசனின் வசனம் முடிகிறது. மைக்கை அவர் உங்கள் கையில் கொடுப்பார். இத்தனை ஆண்டுகள் யார் காதிலும் விழாமல் பேசினீர்கள். இன்று கடைசி வரிசை வரை கேட்கும்படி சொல்லுங்கள் அக்கா, நாங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம்.

வெட்கத்தோடும் அன்போடும்,
எழிலரசன்,
கார்குழலி, தெய்வசிகாமணி, இனியவன்
மற்றும் அலைவாய் நாடக மன்றத்தார்,
புதுச்சேரி.