திரையில் திக்காத கைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பள்ளித் தலைவர் சக்கரபாணி ஐயா அவர்களே! மகளைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பச்சையம்மாள் அம்மா அவர்களே! பெற்றோர்களே! நான் பேசுவதை ஆசிரியை கஸ்தூரியின் கைகளில் படித்துக்கொண்டிருக்கும் எங்கள் காது கேளாத குழந்தைகளே! கணக்கு வாத்தியாரான பலராமன் கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

போன திங்கட்கிழமை சாயங்காலம், செங்கம் சாலையில் விளக்கில்லாமல் நின்ற கரும்பு டிராக்டர் நம் கணினி ஆசிரியை தமிழ்செல்வியைக் கொன்றது. விதி என்கிறார்கள். எது விதி? ஒரு சிவப்பு விளக்கு மாட்டாததா விதி?

2003-ஆம் ஆண்டு சென்னைக் கம்பெனி ஒன்று கழித்துக்கட்டிய பழைய கணினிகள் நமக்கு வந்தன. தமிழ்செல்வி அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினார். பாடங்களைத் தம் கைகளாலேயே சைகையில் நடத்திப் படம்பிடித்துப் போட்டார். ஓர் அன்பர் கூடுதல் மெமரி வாங்கித் தந்தார். வேகம் கூடியதா? இல்லை! திரையில் கைகள் விட்டுவிட்டு நகர்ந்தன. "படம் தெரியுது இல்ல, போதும்மா" என்றோம்.

"உங்களுக்குப் படம் நின்னு நின்னு வந்தாலும் சத்தம் கேட்டுடும் சார். இந்தப் பசங்களுக்குக் கைதாங்க பேச்சு. நடுவுல கை காணாம போனா டீச்சர் திக்கறாங்கன்னு நினைக்குங்க" என்றார்.

படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டைப் புதிதாக வாங்கச் சொன்னார் கடைக்காரர். தமிழ்செல்வி கேட்கவில்லை. கோளாறு கார்டில் இல்லை, அதன் மெமரியில் எப்படி எழுதுவது என்ற அமைப்பில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். புது மெமரி சேர்த்தபோது அந்த அமைப்பு குலைந்து, படம் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது. செங்கல்லை ஒவ்வொன்றாகத் தூக்குவதற்கும் கூடையில் அள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். கார்டின் மெமரி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று பார்த்து, அந்த எல்லைக்குள் சேர்த்து அனுப்பு என்று லினக்ஸுக்குச் சொல்ல வேண்டும். எல்லை பிசகினால் கணினி உறைந்துவிடும். எத்தனை முறை உறைந்தது! "அடச்சே, இன்னொரு தபா" என்பார், மறுபடி உட்காருவார். கரண்டு போனால் அமைப்பு அழிந்துவிடும்; நம் ஊரில் கரண்டு போகாத நாள் உண்டா? கணினி எழும்போதே அந்தக் கட்டளை வரி தானாக ஓடும்படி எழுதி வைத்தார். கைகள் தடையின்றி நகர்ந்தன.

அவர் போன பிறகு அந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தோம். நேற்றுத் திறந்து கணினியைப் போட்டோம். அதே கைகள், ஓரிடத்திலும் தடுமாறாமல் வந்தன. இரண்டாம் வகுப்பு ஓவியா என் சட்டையைப் பிடித்து இழுத்து, 'டீச்சர் செத்துட்டாங்கன்னு சொன்னீங்க, பேசறாங்களே?' என்று சைகையில் கேட்டாள். அழுதேன்.

கஸ்தூரியும் நானும் சபை முன் உறுதி சொல்கிறோம். அந்த வேலையைக் கற்றுக்கொள்வோம். இனி எந்தப் பழைய கணினி வந்தாலும், கைகள் சீராக ஓடும்வரை வகுப்புக்குள் வைக்க மாட்டோம். அந்த அறை இனிப் பூட்டப்படாது!

இந்த இடத்தில் மௌன அஞ்சலி செலுத்துவது வழக்கம். இங்கே பாதிப் பேர் பிறந்ததிலிருந்து மௌனத்தில் இருப்பவர்கள். அவர்களிடம் இன்னும் மௌனம் கேட்பதா? மணிக்கட்டை இரண்டு முறை தட்டுவதுதான் குழந்தைகள் அவருக்கு வைத்த பெயர், அவர் கட்டியிருந்த பெரிய கடிகாரத்துக்காக. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். பச்சையம்மாள் அம்மா, நீங்களும் வாருங்கள். கையைத் தூக்கி உங்கள் மகளின் பெயரைச் சொல்லுங்கள். நடுங்கினால் நடுங்கட்டும் அம்மா, பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.