சும்மா கிடைத்த நாலு சில்லு

பின்னேரம் நாலே முக்கால் மணி. ஜனவரி மாதம்... நோர்வேயில், ஒஸ்லோவுக்கு வடக்கே நித்தேடாலுக்கு மேலே, காட்டுக்குள் போகிற ஒற்றைப் பாதை. அந்த நேரத்துக்கே அங்கே கும்மிருட்டு. பேய்க்கு நடுச்சாமம்தான் வேண்டும் என்று யார் சொன்னது? இந்த நாட்டில் அதற்குப் பின்னேரமே போதும்.

கிட்ட வந்து இருங்கள். வெளியே பெய்கிற மழை விழுந்த இடத்திலேயே உறைகிறது. வீதி ஐஸைக் கரைக்க உப்புப் போடுகிற வண்டி இந்த ரொம்மன் பக்கம் வரும்வரை ஒருவரும் காரை எடுக்கப் போவதில்லை. அதுவரைக்கும் கேளுங்கள். இது நம்முடைய நிருஜனின் மச்சான் கஜரூபனுக்கு நடந்தது. நிருஜன் இன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் இதைச் சொல்ல விட்டிருக்க மாட்டான்.

கஜரூபன் வெஸ்ட்லியில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தவன். மனைவி தனுஷாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஒரே மகள் துஷ்யா, ஏழு வயது, முட்டு வருத்தக்காரி. குளிர் காற்று நெஞ்சில் பட்டால் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். கஜரூபன் நல்ல மனிதன். ஒரேயொரு குறை... இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்றால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான்.

அந்த வருடம் அவன் காருக்குக் குளிர்கால டயர் வாங்க வேண்டியிருந்தது. ஐஸைக் கடிக்கச் சிறு இரும்பு ஆணிகள் பதித்ததா, ஆணி இல்லாததா? ஒஸ்லோவில் இரண்டு தமிழரிடம் டயரைப் பற்றிக் கேட்டால் மூன்று பதில் வரும்.

"ஆணி இல்லாத ரயரைப் போட்டுட்டு ஐஸிலை சறுக்கி விளையாடப் போறியோ?" என்றான் நிருஜன். "பேசாமல் ஆணி ரயரைப் போடு."

வேலையிடத்தில் சென்னைக்காரர் ஷ்யாம் வேறு சொன்னார்.

"இங்க பாதி நாள் ரோடு வெறும் ஈரம்தான் சார். ஈரத்துல ஆணி டயர் பிடிக்காது. சாஃப்ட் ரப்பர்ல, ஆணி இல்லாம வாங்குங்க. நான் பத்து டெஸ்ட் படிச்சுட்டுத்தான் சொல்றேன்."

இரண்டும் சரியாகத்தான் பட்டது. யோசித்தான்... யோசித்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் காலையில் எழும்பிப் பார்த்தால் முழங்கால் மட்டும் பனி. டயர்க் கடைகளில் மூன்று கிழமைக்கு இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் இணையத்தில் அந்த விளம்பரம். லில்லெஸ்ட்ரோமில் ஒருவர் நாலு ஆணி டயர்களைச் சும்மா கொடுக்கிறாராம். இரும்பு வளையத்தோடு முழுச் சில்லு. ஒரு குளிர்காலம் கூட முழுதாக ஓடவில்லை. வந்து ஏற்றிக்கொண்டு போனால் போதும்.

சும்மா என்று சொன்னால் நம்மவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. எங்கே என்றுதான் கேட்போம். கஜரூபனும் அப்படித்தான் போனான். அந்த நோர்வேக்காரனின் கராஜ் வெறுமையாகக் கிடந்தது. ஆனால் சில்லுகள் நாலும் வெளியே, படலையடியில், மழையில் நனைந்தபடி. அவன் வாசற்படியை விட்டு இறங்கவே இல்லை. ஒரு கை பிடித்துத் தூக்கிவிடவும் இல்லை. "பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டான். ஒரு மகள் என்றதும் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கட்டடத்துக்குக் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் கஜரூபன் தன் கையாலேயே சில்லுகளை மாற்றினான். தனுஷா நாலு தேசிக்காயோடு இறங்கி வந்தாள்.

"கோயிலிலை பூசை செய்தது பழைய சில்லுக்கு. தேசிக்காய் வைச்சு நசிச்சதும் அந்த நாலுக்குத்தான். இதுக்கும் வைப்பமப்பா."

"கார் அதே கார்தானே. வருசத்துக்கு ரெண்டு தரம் தேசிக்காய் நசிக்கிறதெண்டா ஐயருக்கே விசர் பிடிச்சிடும்."

அவளும் சிரித்துவிட்டாள். அன்றிரவு அந்தத் தேசிக்காயைப் பிழிந்து கரைத்துக் குடித்தார்கள். பழைய கோடைச் சில்லு நாலையும் நிலவறைக்குத் தூக்கிக்கொண்டு போக அவனுக்கு அலுப்பு. அது பின்பக்கம் நீண்ட கார். காருக்குள்ளேயே பின்னால் போட்டுவிட்டான்.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. வெறும் தார் வீதியில் ஓடும்போது ஆணிகள் கடுகு தாளிப்பது போலப் படபடக்கும், அவ்வளவுதான். பனியில் கார் பிடித்த பிடியைப் பார்த்து அவனுக்கே பெருமை. ஷ்யாமைக் காணும்போதெல்லாம் அதைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்புவான்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. தனுஷாவுக்கு வேலை. தகப்பனும் மகளும் சறுக்குப் பலகையோடு நித்தேடாலுக்கு மேலே போனார்கள். மூன்றரைக்கு மழை தொடங்கியது. பனிமேல் மழை... தரை எல்லாம் எண்ணெய் பூசிய மாதிரி ஆகிவிட்டது. காருக்குள் வந்து ஏறும்போதே துஷ்யாவுக்கு மூச்சு இழுத்தது. மூச்சு மருந்துப் பம்பை அவள் வாயில் வைத்து அமத்தினான். ஒன்றும் வரவில்லை. மருந்து முடிந்திருந்தது. புதியது வீட்டில், மற்ற ஜக்கெட்டில். தொலைபேசியில் ஒரு கோடு கூட இல்லை.

"அப்பா... ஏலாமல்... கிடக்கு."

"இந்தா, இப்ப போயிடுவம் குஞ்சு. கதையாதை. மூச்சை மெல்ல விடு."

பாதை கீழே இறங்கி இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் போனால் பெரிய வீதி, இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரி. இடப்பக்கம் ஒரு ஏரி, அதோடு பாதை முடிந்துவிடும். கஜரூபன் வலப்பக்கம் வெட்டினான்.

கார் இடப்பக்கம் போனது.

சறுக்கியது என்று நினைத்தான். பின்னுக்கு எடுத்தான். திரும்பவும் வலம் வெட்டினான்... இடப்பக்கம். மூன்றாம் தரம் கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டிப் பார்த்தபடி வெட்டினான். ஸ்டியரிங் கடைசிவரை வலப்பக்கம். முன் சில்லுகள் இரண்டும் நேர் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. சறுக்கினால் மனிதனுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இது சறுக்கவில்லை. ஒவ்வொரு ஆணியும் ஐஸைக் கடித்துக் கடித்து... க்ரிச்... க்ரிச்... க்ரிச்... தான் நினைத்த இடத்துக்குப் போனது. பிரேக் பிடித்தான். இயந்திரத்தை நிறுத்தினான். கைப்பிரேக்கையும் இழுத்தான். கார் ஆறுதலாக உருண்டு, ஏரிக்கரையில் தானாகவே நின்றது.

பாசி மணம். எல்லாம் உறைந்து கிடக்கிற ஜனவரியில், பச்சைப் பாசியின் மணம்.

பின்னால் மகளின் மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. உதடு நீலம் பாரித்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று பார்த்தான். இறங்கி இரண்டு அடி வைத்ததும் ஐஸில் குப்புற விழுந்தான். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அதில் நடக்க ஏலாது. முருகா, முருகா என்று வாய்விட்டு அழுதான். அப்போதுதான் பின்பக்கம் கிடந்த பழைய சில்லுகள் நினைவுக்கு வந்தன. கோடை டயர். உறைகிற மழையில் அதைப் போட்டு ஓடுவது தற்கொலை. நிருஜனும் ஷ்யாமும் சண்டை பிடிக்காமல் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரே விசயம் அது. ஆனால் அவை தேசிக்காய் வைத்த சில்லுகள். ஆயுளில் முதல் தரமாகக் கஜரூபன் தலையைச் சொறியவில்லை. ஜாக்கை எடுத்தான்.

முன் சில்லைத் தொட்டான். கொட்டுகிற குளிர் மழையில் அந்த ரப்பர் சூடாக இருந்தது. காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி. நட்டுகள் விரலைக் கிழித்தன. ஒன்றைக் கழற்றிக் கரையில் எறிந்தான். மற்றதையும் கழற்றி எறிந்தான். கோடைச் சில்லு இரண்டையும் முன்னுக்குப் பூட்டினான். பின் இரண்டுக்கு நேரமில்லை. பிள்ளையின் விசில் சத்தம் இப்போது விட்டு விட்டுத்தான் வந்தது.

எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. முன்பக்கம் கால் வழுக்கின மாடு போல அங்கும் இங்கும் போனது. பின்பக்கம் யாரோ பிடித்து இழுப்பது போல இழுபட்டது. ஆனால் வலம் வெட்டினால் வலம் திரும்பியது. ஆஸ்பத்திரி அவசர வாசலில், அம்புலன்ஸ் வருகிற வழியிலேயே காரை விட்டுவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பத்து நிமிடம் பிந்தியிருந்தால் பிள்ளை இல்லை என்றார் டொக்டர்.

செய்தி கிடைத்து தனுஷா வேலை உடுப்போடு ஓடிவந்தாள். மூன்றாம் மாடி அறை. ஒரு மணி நேரத்தில் துஷ்யாவின் மூச்சு சீராகிவிட்டது. முகமூடிக்குள்ளால் தாயைப் பார்த்துச் சிரித்தாள். கஜரூபன் கட்டிலோரம் இருந்து விம்மினான். இனி ஒன்றும் இல்லை, எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தான். அந்த நேரம் காவலாளி வந்து எட்டிப் பார்த்தான். அம்புலன்ஸ் வழியில் நிற்கிற கார் உங்களுடையதா, உடனே எடுங்கள் என்றான்.

மகள் தகப்பனின் விரலைப் பிடித்தபடி நித்திரையாகியிருந்தாள்.

"நீங்க எழும்பாதேங்கோ, பிள்ளை முழிச்சிடும்," என்றாள் தனுஷா. "நான் எடுத்து விட்டுட்டு வாறன்."

அவன் கார்த் திறப்பைக் கொடுத்தான். ஏரிக்கரையைப் பற்றி அவன் இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை... எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. லிஃப்ட் கீழே போகிற சத்தம் கேட்ட பிறகுதான் பின் சில்லு இரண்டும் இன்னும் அந்த ஆணிச் சில்லுகள்தான் என்பது அவனுக்கு உறைத்தது.

தொலைபேசியை எடுத்து அழைத்தான். கதிரையில் கிடந்த அவளுடைய ஜக்கெட்டுக்குள் மணி அடித்தது.

ஜன்னலுக்கு ஓடினான். கார் புறப்பட்டுவிட்டது. பின்பக்கத்துச் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. அவள் பிரேக்கை அமத்தியபடியே இருக்கிறாள். கார் போய்க்கொண்டே இருந்தது. வேகமில்லை. சறுக்கலும் இல்லை. ஆறுதலாக வெளிவாசலைத் தாண்டியது. வலப்பக்கச் சிக்னல் மினுங்கியது... கார் இடப்பக்கம் திரும்பியது. கஜரூபன் ஜன்னல் கண்ணாடியைக் கையால் அடித்து அடித்து அவள் பெயரைக் கூப்பிட்டான். பிறகு மூன்று மாடியும் படியால் ஓடி இறங்கினான். வீதியில் ஒன்றும் இல்லை. மழை மட்டும் பெய்தது.

ஏரி எங்கே இருக்கிறது என்று அவன்தான் பொலிஸுக்குச் சொன்னான். விடிந்ததும் அவர்களோடு நிருஜன் போனான். இனி வருவது நிருஜன் தன் கண்ணால் கண்டது.

இரவு மழை பனியை எல்லாம் கரைத்துக் கழுவி, பாதையையும் ஏரியையும் கண்ணாடியாக உறைய வைத்திருந்தது. அதில் ஆணிகள் குத்திய புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. பாதையில் வரும்போது இரண்டு வரிசை. கோடை டயரில் ஆணி இல்லை, அது தடம் விடாது. கஜரூபன் கரையில் எறிந்துவிட்டு வந்த சில்லு இரண்டையும் காணவில்லை. அவை கிடந்த இடத்திலிருந்து இன்னும் இரண்டு வரிசை கிளம்பி, ஏரிக்குள்ளே போவது நாலு வரிசை.

நாலும் நேராக ஏரியின் நடுவுக்குப் போய், அங்கே நின்றுவிட்டன. திரும்பி வந்த தடம் இல்லை. உடைவும் இல்லை, வெடிப்பும் இல்லை. பொலிஸ்காரன் துளைத்துப் பார்த்தான்... ஒரு முழத் தடிப்பு. லொறி போனாலும் தாங்கும் என்றான். நிருஜன் அந்த இடத்தில் முழந்தாளில் இருந்து, இரண்டு கையாலும் முகத்துக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்தான். முதலில் இருட்டு மட்டும்தான் தெரிந்தது.

பிறகு கண்டான். கீழே, வெகு ஆழத்தில்... இரண்டு சிவப்பு விளக்கு. இன்னும் எரிந்துகொண்டிருந்தன.